ஆறு புங்க மரங்களும் இரண்டாண்டு மூடாக்கும்

வேளச்சேரியின் உள்தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, எங்கள் தெருவுக்கு நிழல் தந்துகொண்டிருந்த பெருங்கொன்றை மரங்களில் மூன்று வேரோடு சாய்ந்தன. மறுநாள் காலையில் அவற்றின் அடிப்பகுதியைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. இரண்டு மாடி உயரம் வளர்ந்திருந்த மரத்துக்கு, ஒரு சாப்பாட்டு மேசையின் அளவுக்குக்கூட வேர் பரவியிருக்கவில்லை. நடைபாதையில் விடப்பட்டிருந்த சதுரக் குழியின் வடிவம் அப்படியே வேரிலும் பதிந்திருந்தது. தொட்டிச் செடியைக் கவிழ்த்துத் தட்டினால் மண்ணும் வேரும் எந்த வடிவில் வெளிவருமோ, அந்த வடிவில் மூன்று மரங்களும் கிடந்தன.

அடுத்த ஆண்டு அந்த இடங்களிலும் இடைவெளிகளிலுமாக ஆறு புங்கன் கன்றுகளை நட்டோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு வீட்டுக்கே லாரித் தண்ணீர் வாங்கிய நாள்களிலும், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றி அவற்றைக் காப்பாற்றினோம். (நீர் சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீரைச் சிலர் ஊற்றினார்கள், அதில் உப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் நான் தடுத்தேன்.) கன்றுகள் பிழைத்தன, ஆனால் வளர்ச்சியில் வேகம் இல்லை. பின்னர் நடைபாதையைப் புதுப்பித்தவர்கள், மரத்தைச் சுற்றியிருந்த கொஞ்ச நஞ்ச மண்ணையும் விட்டுவைக்காமல் தண்டை ஒட்டியே சிமெண்ட் கலவையைப் பூசிவிட்டுப் போனார்கள். மரத்துக்குக் கழுத்துப்பட்டை கட்டியது போல இருந்தது.

மூடாக்கு என்பது சருகு, மட்டை போன்றவற்றைப் பரப்பி மண்ணை மூடி வைப்பது. இந்தச் சொல்லை இயற்கை வேளாண்மை பேசும் எவரும் அறிவார். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பரப்பிய சொற்களுள் அதுவும் ஒன்று. எனக்கு அது அதற்கும் முன்பே, ஊரில் எங்கள் தென்னந்தோப்பில் பழக்கமானது. கோடையில் தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு நூறு தேங்காய் மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்க வேண்டும், அல்லது காய்ந்த ஓலை பதினைந்தைப் பரப்ப வேண்டும், அல்லது தென்னை நார்க்கழிவை 10 செ.மீ. உயரத்துக்கு இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தோப்பில் பலன் தருவது தெருவிலும் தருமா, தந்தால் மண்ணில் எது முதலில் மாறும், மரத்தில் எது மாறும் என்று அளந்து பார்க்கும் எண்ணத்தில் 2023 பிப்ரவரியில் இந்த வேலையைத் தொடங்கினேன்.

மூடாக்கு இடுவதற்கு முதலில் மண் வேண்டும். அந்த மண் சிமெண்டுக்கு அடியில் இருந்தது. மரத்தின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்ட் தளம் இருக்கக் கூடாது என்று டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் ஆணையிட்டது. அதைக் குறிப்பிட்டு உரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் பெற்ற பிறகே உடைக்கத் தொடங்கினோம். ஆறு மரங்களில் நான்குக்குத்தான் உடைக்க முடிந்தது. ஐந்தாம் மரத்தடியில் கார் நிறுத்தும் வீட்டுக்காரர், சக்கரம் மண்ணில் புதையும் என்று மறுத்துவிட்டார். ஆறாம் மரத்தடியில் குடிநீர் இணைப்புக் குழாய் அரையடி ஆழத்திலேயே செல்வதால் கடப்பாரை போட எங்களுக்கே துணிவு வரவில்லை. இவ்வாறு எவரும் திட்டமிடாமலே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு மரங்கள் கிடைத்தன. உடைத்த நான்கில் முதல் இரண்டுக்கு மூடாக்கு இட்டேன். மூன்றையும் நான்கையும் சிமெண்டை மட்டும் நீக்கிவிட்டு வெறும் மண்ணாகவே விட்டேன். சிமெண்டை எடுத்ததன் பலன் எது, மூடாக்கின் பலன் எது என்று பிரித்து அறிய வேறு வழியில்லை.

உடைக்கும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொத்தனார் ஒருவர் துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உளியும் சுத்தியலும் மட்டும் பயன்படுத்தச் சொன்னேன். காரணம், சிமெண்டுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் ஈரமும் காற்றும் சிறிதளவு கிடைப்பதால், புங்க மரம் தன் மெல்லிய வேர்களை அங்கேதான் அனுப்பியிருக்கும். அது அப்படியே இருந்தது. குழியின் வெளி விளிம்பிலிருந்து தொடங்கி, துண்டு துண்டாகப் பெயர்த்து, ஒவ்வொரு துண்டையும் தண்டை நோக்கி இழுக்காமல் மேல்நோக்கித் தூக்கியபோது, அடியில் வலைபோல் வேர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பென்சில் கனத்துக்கு மேற்பட்ட வேர் எதையும் அறுக்கவில்லை. இரண்டாம் மரத்தில் ஒரு சிமெண்ட் துண்டு பட்டைக்குள்ளேயே புதைந்துவிட்டிருந்தது. பிடுங்கினால் பட்டையும் சேர்ந்து வரும் என்பதால் அதை அப்படியே விட்டோம். இப்போது மரம் அதை முழுவதுமாக விழுங்கிவிட்டது. நிலத்தடியில் மின்கம்பி செல்லும் தெருக்களில் இந்த வேலையைச் செய்பவர்கள், கம்பி போகும் பாதையை மின்வாரிய ஊழியரிடம் கேட்டுக்கொள்ளாமல் கடப்பாரையைத் தொடவே கூடாது.

ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 1.2 மீட்டர்ச் சதுரம் திறந்தது. கீழே இருந்ததை மண் என்று சொல்வது கடினம். கட்டட வேலை செய்பவர்கள் ரப்பிஸ் என்று சொல்லும் செங்கல் துண்டு, காரை, ஓட்டுத்துண்டு ஆகியவை ஒரு சாண் ஆழம் வரை இருந்தன. அதன் கீழே வேளச்சேரிக்கே உரிய சாம்பல் நிறக் களிமண். கைக்கு எட்டிய பெரிய துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தோம். இரண்டு மரங்களிலிருந்து ஏழு அன்னக்கூடை வந்தது. ஆழமாகத் தோண்டிச் செம்மண் நிரப்பலாம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஆறு வயது மரத்தின் வேர்களை அறுத்து மண்ணை மாற்றுவதைவிட, இருக்கும் மண்ணை மேலிருந்து மெல்ல மாற்றுவதே நல்லது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த முடிவு இன்றும் சரியென்றே படுகிறது.

அளவைகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வாங்கவில்லை. நீர் இறங்கும் வேகத்தை அறிய 15 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையை அரத்தால் கூராக்கி, மரக்கட்டையை மேலே வைத்துத் தட்டி மண்ணில் 6 செ.மீ. ஆழத்துக்கு இறக்கினேன். அதற்குள் 440 மில்லி நீரை ஊற்றினால் அது ஏறத்தாழ 2.5 செ.மீ. மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றும் நீரைக் காய்ந்த மண் வெடிப்புகள் வழியாக உறிஞ்சிவிடும் என்பதால் அந்தக் கணக்கு பயன்படாது. உடனே இரண்டாம் முறை அதே அளவு ஊற்றி, அது மறைய எடுக்கும் நேரத்தைத்தான் குறிக்க வேண்டும். நான்கு குழிகளிலும் தொடக்கத்தில் அந்த நேரம் 90 நிமிடத்துக்கும் 2 மணிக்கும் இடையே இருந்தது. அதாவது, ஐப்பசி மழை ஒரு மணிநேரம் வலுத்துப் பெய்தால் அதில் பெரும்பகுதி மரத்துக்கு உதவாமல் வடிகாலுக்கே போகும். நீர் ஊற்றிய இரண்டாம் நாள் 10 மி.மீ. கம்பி ஒன்றைக் கையால் அழுத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்றும் பார்த்தேன். நான்கு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. மண் மாதிரியைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்ததில் கார அமிலத்தன்மை (pH) 8.4 என்றும் கரிமச் சத்து 0.31 விழுக்காடு என்றும் வந்தது. நம் நாட்டு வகைப்பாட்டில் கரிமச் சத்து 0.5 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் குறைவு என்றே கொள்வர். காரத்தன்மை கூடியிருந்ததற்குச் சிமெண்டும் சுண்ணாம்புக் காரையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். தண்டின் சுற்றளவை, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் வண்ணக்கோடு வரைந்து, தையற்காரர் நாடாவால் அளந்துகொண்டேன்.

அடுத்தது, எதைப் பரப்புவது என்ற கேள்வி. இங்கேதான் நான் மிகுதியாகத் தவறு செய்தேன். தெருமுனையில் கரும்புச்சாறு பிழியும் கடையில் சக்கை இலவசமாகக் கிடைத்தது. இரண்டு மூட்டை கொண்டுவந்து முதல் மரத்தில் பரப்பினேன். இரண்டாம் நாள் எறும்பும் ஈயும் மொய்த்தன. நான்காம் நாள் புளித்த வாடை வீட்டுக்குள் வந்தது. வாடையை அடக்குவதாக எண்ணி அதில் ஒரு பகுதியைக் களைக்கொத்தால் மண்ணோடு கலந்தது இரண்டாவது தவறு. கரிமம் மிகுந்து தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்த பொருளை மண்ணோடு கலந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான தழைச்சத்தை அந்த மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அது மக்கி முடியும்வரை வேருக்குக் கிடைப்பது குறையும். அதே பொருளை மேலே பரப்பினால் மட்டும் போதும், இந்தப் போட்டி மண்ணின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தோடு நின்றுவிடும். மரத்தூளும் சிராய்களும் மண்ணைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சுவது, பரப்புவதையும் கலப்பதையும் ஒன்றாக எண்ணுவதால்தான். சக்கையில் பெரும்பகுதியை அள்ளி எடுத்துவிட்டு, மீதியின் மீது வீட்டு மட்கு உரத்தைத் தூவி விட்டேன்.

நார்க்கழிவுக் கட்டிகளை ஊறவைத்து உதிர்த்துப் பரப்பியது இரண்டாம் முயற்சி. கடலோரப் பகுதிகளில் பதப்படுத்தும் நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் மூன்று முறை அலசினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பங்குனி வெயிலில் அதன் மேற்பரப்பு காய்ந்து அட்டைபோல் ஆனது. குடத்திலிருந்து ஊற்றிய நீர் அதன்மேல் முத்துமுத்தாக உருண்டு தெருவுக்கு ஓடியது. மிக நுண்ணிய எந்தப் பொருளுக்கும் இந்தக் குறை உண்டு. மூடாக்கு முரடாகவும் இடையிடையே காற்று புகும்படியும் இருக்க வேண்டும் என்பதை அன்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இளநீர்க் கூடு சென்னையில் எங்கும் கிடைக்கும் பொருள்; ஆனால் கவனமாகக் கையாள வேண்டியது. முழுக் கூட்டை நிமிர்ந்தவாறு போட்டால் அதில் தேங்கும் ஒரு கை நீரிலேயே டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். தோப்பில் மட்டையைக் குவிந்த பக்கம் மேலே வரும்படி அடுக்கச் சொல்வது ஈரம் ஆவியாவதைத் தடுப்பதற்காக. தெருவில் அதே அறிவுரைக்குக் கொசுவும் ஒரு காரணமாகச் சேர்ந்துகொள்கிறது. இளநீர்க்காரரிடம் கூடுதலாகக் கொஞ்சம் பணம் கொடுத்து, ஒவ்வொரு கூட்டையும் அரிவாளால் எட்டுத் துண்டாக வெட்டித் தரச் சொன்னேன். துண்டுகளை ஒரு வாரம் வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்தினேன்.

இறுதியில் நிலைத்த கலவை இதுதான்: மழைக்காலத்துக்கு முன் மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டிப் போட்டதிலிருந்து பொறுக்கி, விரல் நீளத்துக்கு நறுக்கிய சுள்ளிகள் ஒரு பங்கு, இளநீர் மட்டைத் துண்டு ஒரு பங்கு, தெருவிலேயே உதிர்ந்த சருகு இரண்டு பங்கு. சருகிலும் வேறுபாடு உண்டு. வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் கொட்டும் இலைகள் இரண்டு மாதத்தில் மக்கிவிடுகின்றன. நாட்டு வாதுமையின் அகன்ற இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடு வேய்ந்ததுபோல் நீரைத் தள்ளிவிடுகின்றன. அவற்றைக் கோணியில் போட்டு மிதித்து நொறுக்கிய பிறகே சேர்க்க வேண்டும். பெருங்கொன்றையின் சிற்றிலைகள் தனியாகப் போட்டால் கெட்டிப்பட்டுவிடும். சுள்ளியோடு கலந்தால் தொல்லையில்லை.

1.2 மீட்டர்ச் சதுரத்துக்கு 8 செ.மீ. தடிமன் என்றால் ஏறத்தாழ 115 லிட்டர். 25 கிலோ அரிசிச் சாக்கில் நான்கு சாக்கு. சருகு முதல் மழையிலேயே பாதியாகப் படிந்துவிடுவதால் உண்மையில் ஆறு சாக்கு வேண்டியிருந்தது. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஏப்ரலில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, உதவி செய்வதாக எண்ணிய பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டாம் மரத்தில் சருகைத் தண்டோடு சேர்த்துக் கோபுரமாகக் குவித்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துக் கலைத்துப் பார்த்தபோது அடிப்பட்டை கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு மிருதுவாக இருந்தது; கரையான் மண் பூசிக்கொண்டு மூன்றடி உயரம் ஏறியிருந்தது. தெரு முழுவதும் கரையான் என்றதும் கலக்கம். வாசற்கதவுக்கு வந்துவிடும் என்றார் ஒருவர். மருந்தடிக்கச் சொன்னார் இன்னொருவர். துடைப்பத்தால் மண்பூச்சைத் தட்டிவிட்டுப் பார்த்ததில், அது தின்றுகொண்டிருந்தது பட்டையின் செத்த வெளித்தோலை மட்டும்தான் என்று தெரிந்தது. இடைவெளி விட்டு வெயிலும் காற்றும் படும்படி செய்ததும் பத்து நாளில் பட்டை உலர்ந்தது, கரையான் திரும்பவில்லை. தண்டு வேராக விரியத் தொடங்கும் அந்த அகன்ற அடிப்பகுதி எப்போதும் கண்ணுக்குத் தெரிந்தபடி இருக்க வேண்டும். அது மண்ணுக்குள்ளோ சருகுக்குள்ளோ மறைந்தால் அழுகலும், தண்டையே சுற்றி இறுக்கும் வேர்களும் பின்னால் வரும்.

மண்ணைவிடக் கடினமாக இருந்தது தெருவின் பழக்கம். காட்டில் மரம் உதிர்க்கும் இலை அதன் அடியிலேயே மக்கி அதற்கே திரும்புகிறது. தெருவில் அது ஒவ்வொரு காலையும் பெருக்கி எடுக்கப்பட்டு வண்டியில் போய்விடுகிறது. ஆண்டு முழுவதும் இவ்வாறு நடந்தால் மண்ணில் கரிமச் சத்து 0.31 விழுக்காடு இருப்பதில் வியப்பில்லை. நான் பரப்பியதும் மூன்று முறை பெருக்கி எடுக்கப்பட்டது. தெருவைப் பெருக்கும் அம்மாவிடம் பேசினேன். “சார், உங்களுக்கு அது உரம். மேல இருந்து பாக்க வர்றவங்களுக்கு அது குப்பை. விட்டுட்டுப் போனா என்னைத்தான் கேப்பாங்க” என்றார். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. குழியைச் சுற்றிப் பழைய செங்கற்களைச் சாய்வாகப் புதைத்து ஒரு கரை கட்டி, ‘மரத்துக்கான மூடாக்கு, அள்ள வேண்டாம்’ என்று ஒரு தகரப் பலகை வைத்தோம். அதற்குப் பிறகு அது குப்பையாகத் தெரியவில்லை. பைக் நிறுத்துவதும் நின்றது. செங்கற்களுக்கு இடையே தெருப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு மூன்று இடைவெளிகள் விட்டோம்; இல்லையென்றால் தெருவில் ஓடும் மழைநீர் குழிக்குள் வராமலே போய்விடும். ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவே வேப்பஞ்சருகைத் தனியாகக் கூட்டிக் குழியில் கொட்டத் தொடங்கினார். அவருக்கு வண்டி வரை சுமக்கும் வேலை அந்த அளவுக்கு மிச்சம்.

முதல் பலன் அக்னி நட்சத்திரத்தில் தெரிந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு, 5 செ.மீ. ஆழத்தில், மூன்றாம் மரத்தின் வெறும் மண் 39 டிகிரி காட்டியபோது முதல் மரத்தின் மூடாக்குக்கு அடியில் 32 டிகிரி இருந்தது. உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் இருப்பதால் இந்த ஏழு டிகிரி சிறிய செய்தியன்று. வாரம் இருமுறை இரண்டு குடம் ஊற்றிவந்ததை, மூடாக்கு உள்ள மரங்களுக்கு வாரம் ஒருமுறையாகக் குறைத்தேன். விரலை விட்டுப் பார்த்தால் ஆறாம் நாளும் ஈரம் இருந்தது. வெறும் மண்ணாக விட்ட மூன்றாம், நான்காம் குழிகளில் முதல் கோடை மழையே மேற்பரப்பை மெழுகிவிட்டது. மழைத்துளி நேராக விழுந்து களிமண்ணை உடைக்க, அந்த நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொண்டு காயும்போது ஓடாக இறுகிவிடுகின்றன. சிமெண்டை எடுத்துவிட்டு மண்ணைத் திறந்தவெளியாக விட்டால், மழையும் காலடியும் சேர்ந்து சில மாதத்தில் அதை மீண்டும் சிமெண்டுக்கு அருகில் கொண்டுபோய்விடும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்டில் முதல் மரத்தில் மூடாக்கை விலக்கியபோது வெள்ளைப் பூசண இழைகள் சுள்ளிகளைத் தைத்துப் பிணைத்திருந்தன. அடியில் மண்புழு எருக்குவியல்கள். யாரும் மண்புழுவைக் கொண்டுவந்து விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத முக்கியமான வேலை அங்கேதான் நடக்கிறது: புழு துளையிடுகிறது, பூசண இழையும் நுண்ணுயிர்ப் பசையும் களிமண் துகள்களைச் சிறு உருண்டைகளாகச் சேர்க்கின்றன, உருண்டைகளுக்கு இடையே நீரும் காற்றும் செல்ல வழி பிறக்கிறது. அடுத்து அதே வழியில் வேர் இறங்குகிறது.

டிசம்பரில் எல்லாம் கலைந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை வேளச்சேரியை மூழ்கடித்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்கு மேல் நீர் நின்றது. சருகும் சுள்ளியும் மட்டைத் துண்டுகளும் மிதந்து போய், வடிகாலின் வாய்க்கம்பிகளில் அடைத்துக்கொண்டன. நீர் வடியத் தாமதமானதற்கு அந்த அடைப்பும் ஓரளவு காரணம் என்று அண்டை வீட்டார் சொன்னபோது என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அந்த அளவு வெள்ளத்தில் நான்கு சாக்குச் சருகு பெரிய பொருளன்று என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாலும், கம்பிகளிலிருந்து நானே கையால் அள்ளி எடுத்தவை என் மட்டைத் துண்டுகள்தாம்.

தாழ்வான பகுதிகளில் மூடாக்கு இடுபவர்கள் மழைக்காலத்துக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். 2024 பொங்கலுக்குப் பிறகு மீண்டும் இட்டபோது மூன்று மாற்றங்கள் செய்தேன். மட்டைத் துண்டைப் பாதியாகக் குறைத்து, எளிதில் மிதக்காத, பாதி மக்கிய சுள்ளியைக் கூட்டினேன். அதன் மேல் தென்னைநார்க் கயிற்று வலையை விரித்து, மூங்கில் முளைகளை நான்கு மூலையிலும் நடுவிலும் அடித்துப் பிணைத்தேன். செப்டம்பர் இறுதியில் மேலே இருக்கும் மக்காத சருகை முழுவதும் அள்ளி, மாடியிலுள்ள மட்குத் தொட்டியில் போட்டுவிட்டு, இரண்டு விரல் கனத்துக்குக் கறுத்து மக்கிய அடிப்படலத்தை மட்டும் வலைக்குக் கீழே விட்டேன். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: களிமண்ணில் ஈரம் ஏற்கெனவே மிகுந்திருக்கும் கார்த்திகையில் கனத்த மூடாக்கு அதை மேலும் தக்கவைத்து வேருக்குக் காற்று கிடைக்காமல் செய்யும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தபோது வலை அசையவில்லை. வடிகால் வாயை நானே இருமுறை போய்ப் பார்த்துவந்தேன்.

2025 பிப்ரவரியில் மீண்டும் அளந்தேன். மூடாக்கு இட்ட குழிகளில் இரண்டாம் முறை ஊற்றிய நீர் 22, 27 நிமிடங்களில் மறைந்தது. வெறும் மண்ணாக விட்ட குழிகளில் 75, 80 நிமிடங்கள். கம்பி மூடாக்குக் குழிகளில் முழங்கை அளவு இறங்கியது. மற்றவற்றில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மேல் 10 செ.மீ. மண்ணில் கரிமச் சத்து 0.31-லிருந்து 0.58 விழுக்காடாக ஏறியிருந்தது. கார அமிலத்தன்மை மட்டும் 8.4-லிருந்து 8.2 ஆனதோடு சரி. இதை மாற்றம் என்றே நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காரை கலந்த மண்ணின் காரத்தன்மையைச் சருகு இரண்டாண்டில் தணித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தண்டின் சுற்றளவு இரண்டு ஆண்டில் மூடாக்கு இட்ட மரங்களில் 4.6, 3.9 செ.மீ. கூடியது. சிமெண்டை மட்டும் நீக்கியவற்றில் 2.8, 2.6, சிமெண்டுக்குள் இருக்கும் ஐந்தாம், ஆறாம் மரங்களில் 2.2, 1.6. ஆறு மரங்களை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஐந்தாம் மரத்துக்குக் கார் கழுவும் நீர் போகிறது, முதல் மரத்துக்கு வெயில் அதிகம். மண்ணின் அளவைகளில் உள்ள வேறுபாட்டைத்தான் உறுதியாகச் சொல்வேன். மண் முதலாண்டிலேயே மாறிவிட்டது. மரம் அதை நம்புவதற்கு இரண்டாம் ஆண்டு வரை காத்திருந்தது போல, கூடுதல் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசிப் பத்து மாதத்தில்தான் வந்தது. புங்க இலையில் சிலந்திப்பேனால் வரும் முடிச்சுகள் ஆறு மரங்களிலும் ஒரே அளவில் இருக்கின்றன. மூடாக்கு அதற்கு மருந்தன்று.

தெருக்கோடியிலுள்ள பழைய வேம்புக்கும் 2024-ல் இதையே செய்தேன். சிமெண்ட் அகற்றி, ஈரமாக இருந்தபோது இரண்டடி இடைவெளியில் ஒரு முழ ஆழத்துக்குக் கடப்பாரையால் துளைகள் இட்டு, அவற்றில் மட்கு உரம் நிரப்பி, மேலே மூடாக்குப் பரப்பினேன். களிமண்ணில் கடப்பாரை துளையின் சுவரை மெழுகிவிடுகிறது. கம்பியால் சுவரைக் கீறிவிட்ட பிறகு நிரப்பினால் வேர் உள்ளே நுழைய வழியிருக்கும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட மரம் அது. அதன் வேர்கள் எந்த வீட்டுச் சுவருக்கு அடியில் போயிருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. நான் திறந்த ஒன்றரைச் சதுர மீட்டர் அதற்கு எம்மாத்திரம்? மரத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. அந்தக் குழியில் மழைநீர் தேங்காமல் இறங்குகிறது என்பதோடு அதன் பதிவு முடிகிறது.

இந்தப் பிப்ரவரி அளவையோடு மூன்றாம், நான்காம் மரங்களின் ஒப்பீட்டை நிறுத்திவிட்டு, அவற்றுக்கும் கரை கட்டிச் சருகு இட்டுவிட்டேன். ஐந்தாம் மரத்தடி வீட்டுக்காரர், சக்கரம் படாத பக்கம் மட்டும் அரைவட்டமாக உடைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆறாம் மரத்தில் குழாய் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் உளியால் மட்டும் பெயர்க்க வேண்டும். கொத்தனார் வரும் ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான்கு சாக்கு வேப்பஞ்சருகு மாடிப்படிக்கு அடியில் தயாராக இருக்கிறது.